பரணில் தொங்கிய மானம்

பிள்ளை வீட்டார் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, பரணில் மறுபடியும் பிறாண்டும் சத்தம் கேட்டது. பெண்ணைப் பெற்ற பெரியவர் முதுகை இன்னும் நிமிர்த்திக்கொண்டார்.

வௌவால் வரக் கூடாதென்று மதியம்தான் பரண் ஓட்டையைப் பலகை வைத்து அடைத்திருந்தார். பகலில் அது உள்ளேதான் தூங்கும் என்று, கடைசி ஆணியும் இறங்கிய பிறகு மனைவி சொன்னாள்.

“அதுங்ககிட்ட மனுஷனுக்குத் தொத்துற கிருமி இருக்கலாமாம். கையால தொட்டுடாதீங்க.”

பிள்ளைக்கோ கிருமி ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. வௌவால் வாடை பட்டாலே சம்பந்தத்தைக் கைகழுவிவிட்டுப் போய்விடுவான். யாரிடமும் ஒரு சொல் கேட்டறியாத குடும்பம் இது.

சத்தத்தை மறைக்க ரேடியோவைத் திருகினார். அந்த அலறலில் பரணுக்குள் பிறாண்டல் போய்ப் படபடப்பு கிளம்பியது. இன்னும் கூட்டினார். பெண் என்ன படித்திருக்கிறாள் என்று பிள்ளையின் அம்மா கேட்டதற்கு, தண்ணீருக்குப் பஞ்சமே இல்லை என்று பதில் சொன்னார்.

பிள்ளையோ பெண்ணை விட்டுவிட்டுக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டுக்கு விலை போடுகிறானோ என்று பெரியவருக்குச் சுருக்கென்றது.

“மேல கொஞ்சம் பார்க்கலாமா சார்?”

“விருந்தாளியைப் பரண்ல ஏத்துற பழக்கம் எங்க குடும்பத்துல இல்ல தம்பி.”

அவர் சொல்லி வாய் மூடவில்லை. பரண் கதவிடுக்கில் கறுப்பாக ஒன்று பிதுங்கி வந்து கூடத்தைச் சுற்ற ஆரம்பித்தது. பெரியவர் மேஜை விரிப்பை உருவிக்கொண்டு பாய்ந்தார். டீக் கோப்பைகள் உருண்டன.

“தொடாதீங்க மாமா.”

குரலில் அதட்டல் இல்லை. ஆனாலும் அவர் கை அப்படியே நின்றது. பிள்ளை ரேடியோவை நிறுத்தி, ஜன்னல்களைத் திறந்து, விளக்கை அணைத்து, எல்லோரையும் தெருவுக்கு அழைத்துப் போனான்.

தெருவே வேடிக்கை பார்த்தது. ஒளிக்க இனி ஒன்றுமில்லை என்றானபின் பெரியவரிடம் மிஞ்சியது ஆவல் மட்டும்தான்.

“அத்தனை கிருமியைச் சுமந்துக்கிட்டு அது மட்டும் எப்படித் தம்பி நல்லாயிருக்கு?”

“பல கிருமி அதை ஒண்ணும் பண்றதில்ல மாமா. ஏன்னு இன்னும் முழுசாப் புரியல. அதைத் தேடத்தான் எனக்குச் சம்பளமே.”

ஜன்னல் வழியாக வௌவால் பறந்து இருட்டில் மறைந்தது. பெரியவர் முதன்முறையாகத் தலை குனிந்து, இந்த வீட்டில் இப்படி நடந்ததே இல்லை என்று பிள்ளையின் அம்மாவிடம் இழுத்தார்.

“அட, நீங்க வேற. எந்தப் பொண்ணு வீட்டுக்கும் வரமாட்டேன்னு நின்னவன், பரண்ல நாலு வௌவால் தொங்குற படத்தை உங்க பொண்ணு அனுப்பினப்புறம்தான் கிளம்பியே வந்தான். மிச்சம் மூணும் எங்க, சம்பந்தி?”