கடமுட அண்ணன் காவல் காத்த குடல்

திருப்பதிக்கு வந்தும் மலையைப் பார்க்காமல் மனிதர்களின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்த ஒரே ஆள், எங்கள் மெடிக்கல் காலேஜ் ஹாஸ்டல் கடமுட அண்ணன்தான். குடல் நரம்புகள் சுரக்கும் ரசாயனங்களில் அவருக்கு ஆராய்ச்சி. சாப்பிட்டுவிட்டு யாரும் நிம்மதியாகப் படுக்க முடியாது, ஸ்டெதாஸ்கோப்போடு வந்துவிடுவார். "குடல் நல்லாப் பேசுது தம்பி" என்று அவர் சொன்னால், பரீட்சையில் பாஸான மாதிரி இருக்கும்.

சித்தூரிலிருந்து என் நைனாவைக் குடலடைப்போடு கொண்டுவந்தார்கள். ஆபரேஷன் முடிந்தும் வயிறு பொம்மென்றே இருந்தது. உள்ளே சத்தமே இல்லை.

"அடைப்பத்தான் எடுத்துட்டாங்களேண்ணா?"

"ரேணிகுண்டா ஜங்ஷன்ல ரயில் லைன் அடைச்சுக்கினா, பின்னாடி இருக்கறவன் வண்டிய அனுப்பிக்கினே இருந்தா எப்படி? அப்படித்தான் 'தள்ளு தள்ளு'ன்னு சொல்ற அசிடைல்கோலின ஊத்திப் பார்த்துச்சு நரம்பு. குடல் வீங்கிப் போச்சு. அப்புறம் 'தளர விடு'ன்னு சொல்ற நைட்ரிக் ஆக்ஸைடு ஏறிடுச்சு. இப்ப லைன் கிளியர், ஆனா டிரைவர் தூங்கறான். அவன் எழுந்து காத்து பிரியற வரைக்கும் ஒரு பருக்கை உள்ள போவக்கூடாது."

போக விடுவதில்லை என்று அங்கேயே முடிவெடுத்தேன். ஆனால் எங்கள் சொந்தக்காரர்கள் மலையில் சாமி பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டார்கள். வருகிறவர்கள் லட்டு இல்லாமல் வரமாட்டார்கள்.

"பிரசாதத்த வேணாம்பியாடா? நம்ம வூட்ல நீ ஒருத்தன் படிச்சிட்டே, அதுக்காக சாமிக்கே ரூல் பேசுவியா?" என்று அத்தை பாய்ந்தாள். அதற்குள் நைனாவும் வாயைத் திறந்துவிட்டார். நான் குறுக்கே நின்றேன்.

"குடுங்கம்மா" என்று லட்டை வாங்கிய கடமுட அண்ணன், முழுசாகத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

"அவருக்குக் குடுத்தா நீ துன்றியே!"

"அவருக்குப் பதிலா துன்றேன். புண்ணியம் அவருக்கு, வயித்துவலி எனக்கு."

ஹாஸ்டலில் பாயசத்தையே தள்ளி வைக்கிற மனிதர் அவர். வேலூர்ச் சித்தப்பா லட்டு, நாயுடுபேட்டை மாமா லட்டு, யாருடையது என்றே தெரியாத லட்டு, எல்லாம் அவர் வயிற்றுக்குள் போனது. கழிவறைக்கு ஓடுவார்; திரும்பி வந்து காவலுக்கு நிற்பார்.

ஒரு காலையில் நைனாவின் வயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தவர், கையை உயர்த்தி வார்டையே அடக்கினார்.

"பேசுது!"

சற்று நேரத்தில் போர்வைக்குள்ளிருந்து நீளமாக ஒரு சத்தம். அத்தை கைகூப்பி, "கோவிந்தா!" என்றாள். வார்டு முழுக்க, "கோவிந்தா!"

அண்ணன் இப்போது வேறு ஊரில் இருக்கிறார். ஞாயிறு தவறாமல் போன் செய்வார். நைனா அதைக் காதில் வைப்பதில்லை. சட்டையைத் தூக்கி வயிற்றில் வைக்கிறார்.