சபைக்குக் கொடுத்த எஞ்சின்

உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ காரணத்துக்காக வண்டிக்கு எஞ்சின் மாற்றியிருப்பார்கள். பெண்டாட்டி ஒரு கிளாஸ் சாயா ஊற்றுவதை நிறுத்துவதற்காக எஞ்சின் மாற்றியவர் ராபின்சன் ஒருத்தர்தான்.

சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். சிரித்துவிட்டு மிச்சத்தையும் கேளுங்கள்.

பாறசாலைக்குக் கிழக்கே, ஆரியங்கோடு போகிற வழியில் அவர் வீடு. ஒரு பழைய பிக்கப் உண்டு. மரச்சீனி, வாழைக்குலை, ரப்பர் ஷீட், கல்யாண வீட்டுப் பந்தல் சாமான், எது கிடைத்தாலும் ஏற்றுவார். அந்த வண்டியின் எஞ்சினை அவருடைய ஒரே மகன் அகில் ஒரு லீவுக்கு முற்றத்தில் தார்ப்பாய் விரித்து, அக்கக்காகக் கழற்றி, கழுவி, திரும்பப் பூட்டினான். பூட்டி முடித்தபோது ஒரு நட்டு மிச்சம். "அது கம்பெனிக்காரன் கூடுதலா வச்சதாக்கும்" என்றான். அன்று முதல் எஞ்சினுக்குள் ஒரு டொக் சத்தம். டொக்கு டொக்கென்று வண்டி வளவுக்குள் திரும்பினால் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் தெரியும், ராபின்சன் வந்தாச்சு.

போன மழைக்கு அகிலுக்கு எலிக்காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குள் நடந்துதான் போனான். திரும்பி ஆம்புலன்ஸில் வந்தான். இதற்கு மேல் அதைச் சொல்ல எனக்கும் முடியாது.

அதற்குப் பிறகு சாயங்காலம் வீட்டில் நடப்பது இதுதான். டொக் சத்தம் கேட்டதும் சுகிர்தபாய் அடுப்பில் சாயாவுக்கு வைப்பாள். ராபின்சன் கை கால் கழுவி வரும்போது மேசையில் மூன்று கிளாஸ் இருக்கும். அவருக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. மூன்றாவது, தேயிலைக் கடுப்பம் கூட்டி, சீனி குறைத்து, அகில் குடிக்கிற பாகம். அவர் பேசாமல் தன்னுடையதைக் குடிப்பார். அவள் பேசாமல் மூன்றாவதை ஒரு தட்டால் மூடுவாள். காலையில் அது கறிவேப்பிலை மரத்து மூட்டில் கொட்டப்படும். அந்தக் கறிவேப்பிலை ஒன்றுதான் அந்த வீட்டில் செழிப்பாக இருந்தது.

ராபின்சன் அந்த கிளாஸைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பாவம், இவளுக்குப் புத்தி பேதலித்துக்கொண்டு வருகிறது என்று நினைத்தார். நேராகச் சொல்லலாம் என்றால், கட்டின நாளிலிருந்து அவளிடம் நேராகச் சொல்லி அவர் ஜெயித்தது கிடையாது. சுற்றி வளைத்துத்தான் போகணும். யோசித்தார். டொக் சத்தம் கேட்கப்போய்த்தானே அவளுக்கு மோன் அகில் வருகிற நினைப்பு? சத்தத்தையே மாற்றிவிட்டால்?

"எட்டி சுகிர்தம், வண்டிக்குப் பெரிய எஞ்சின் போடப்போறேன்."

"உள்ளதுக்கு என்ன கேடு?"

"ஆரியங்கோட்டு ஏத்தத்துல இழுக்கல்ல."

"லோடைக் குறைச்சு ஏத்துங்க. இழுக்கும்."

"லோடைக் குறைச்சா நம்ம வயிறு குறையுமே, எட்டி!"

அவள் அவர் வயிற்றை ஒருதரம் பார்த்தாள். "குறையட்டும். நல்லதாக்கும்."

ராபின்சன் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். "ஷிஜுகிட்ட சொல்லியாச்சு. உடைச்ச மினி லாரிக்க எஞ்சின் ஒண்ணு அவன்கிட்ட உண்டு."

தேங்காய் திருவிக்கொண்டிருந்த கை நின்றது. "உங்க இஷ்டம்" என்றாள்.

பெண்டாட்டி 'உங்க இஷ்டம்' என்றால் ஓடி ஒளிய வேண்டிய நேரம் என்று கல்யாணமான எவனுக்கும் தெரியும். ராபின்சனுக்கு அது சம்மதமாகக் கேட்டது.

ஷிஜுவின் ஒர்க் ஷாப் செங்கல் என்கிற ஊரில். அவன் மினி லாரி எஞ்சினைப் பார்த்தான், பிக்கப்பைப் பார்த்தான், தலையைச் சொறிந்தான்.

"சேட்டா, இது யானைக்க குடலை ஆட்டுக்க வயித்துல வைக்கிய வேலையாக்கும்."

"வைக்க முடியுமா, முடியாதா?"

"வைக்கலாம். பின்னே ஆடு ஏன் நடக்கல்லண்ணு எங்கிட்ட கேக்கப்பிடாது."

அறுத்தான், வெல்டிங் வைத்தான். எஞ்சின் உள்ளே போனபோது ரேடியேட்டருக்கு இடமில்லை. ரேடியேட்டரை நுழைத்தபோது பானெட் மூடவில்லை. கடைசியில் பானெட்டில் ஓட்டை வெட்டி, மிச்சத்தைக் கயிற்றால் கட்டினான். கனத்தில் வண்டியின் மூக்கு தரையை முகர்ந்தது, பின்பக்கம் மேலே தூக்கியது. கூடப் பிறந்தவன் பார்த்தால்கூட அந்த வண்டியை அடையாளம் தெரியாது. ஆனால் டொக் போயே போச்சு. ராபின்சனுக்கு அது போதும்.

அன்று சாயங்காலம் வண்டி வளவுக்குள் நுழைந்தபோது, பஸ்தான் வந்துவிட்டது என்று பக்கத்து வீட்டு லீலாபாய் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்தாள். ராபின்சன் மீசைக்குள் சிரித்தபடி கை கால் கழுவிவிட்டு உள்ளே போனார்.

மேசையில் மூன்று கிளாஸ்.

அவர் தன் கிளாஸை எடுத்தார். சாயா உள்ளே இறங்கவில்லை.

"பழைய எஞ்சின் எங்க?" என்று கேட்டாள் சுகிர்தபாய்.

"ஷிஜுவுக்க கடையில கிடக்கு."

"அதை இஞ்ச கொண்டு வந்து போடுங்க."

ஓகோ, இதுதான் சங்கதி என்று ராபின்சனுக்குப் பிடிபட்டது. அந்த எஞ்சின் எங்கேயாவது கிடக்கும்வரை இவள் மனசு ஆறாது. அதை ஒழிக்கணும். பழைய இரும்புக்குப் போட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. அப்போதுதான் அவருக்கு ஆண்டவர் ஞாபகம் வந்தது.

வருகிற ஞாயிறு சபையில் அறுப்பின் பண்டிகை. அவரவர் விளைந்ததைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம். மலிவாக எடுத்தால் ஆண்டவர் கோபிப்பார் என்று பயந்து, ஒரு பூசணிக்காயை ஒரு ஆட்டின் விலைக்கு எடுப்பார்கள். அங்கே கொடுத்தால் கொடுத்ததுதான். ஆண்டவருக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்க எந்தப் பெண்டாட்டிக்கும் வாய் வராது. பழைய இரும்பு எடுக்கிற ஜினுவும் அதே சபைதான். அவனிடம் காதோடு காதாகச் சொல்லி வைத்தார். "எலே, நீ ஏலத்துல எடுத்துக்க. எடுத்த கையோட உருக்க அனுப்பிரு."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால், சேனைக்கும் சேவலுக்கும் நடுவில் எஞ்சின் உட்கார்ந்திருக்கிறது. ஷிஜு பெட்டி ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போயிருந்தான்.

சுகிர்தபாய் அதைப் பார்த்தாள். கிட்டே போனாள். சேனையிலிருந்து அதன்மேல் ஒட்டியிருந்த மண்ணைச் சேலை முந்தானையால் துடைத்தாள். ராபின்சன் போதகருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். மகன் முகத்தை அவள் துடைத்த அதே துடைப்பு. அவருக்கு அழுகை முட்டியது, பயமும் முட்டியது. எது முதலில் வெளியே வரும் என்று அவருக்கே தெரியவில்லை.

ஏலம் விடுகிறவன் கமிட்டிக்கார விபின். "விளைஞ்சதைக் கொண்டுவரச் சொன்னா, ராபின்சன் அண்ணன் எஞ்சினைக் கொண்டுவந்திருக்காரு! எந்த வயலில விளைஞ்சதோ!" எல்லாரும் சிரித்தார்கள். சிரித்த பிறகுதான் அது யார் பூட்டின எஞ்சின் என்று ஒவ்வொருத்தருக்காக நினைவு வந்தது. முற்றம் அடங்கிப்போயிற்று.

ஜினு ஒரு விலை சொன்னான். இன்னும் ஒருத்தர் ஒப்புக்கு ஒன்று சொன்னார். ஜினு கொஞ்சம் ஏற்றினான்.

சுகிர்தபாய் நேரே நடந்துபோய் விபின் காதில் ஏதோ சொன்னாள். விபின் அவளைப் பார்த்தான், ராபின்சனைப் பார்த்தான், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "ஒருதரம் ரெண்டுதரம் மூணுதரம்! சுகிர்தம் அக்காவுக்கு!" ஒரே மூச்சில் முடித்துவிட்டான். ஜினு வாயைத் திறக்கவே இல்லை.

இவளிடம் ஏது ரூபாய் என்று ராபின்சன் திகைத்தார். அவள் கழுத்தைப் பார்த்தார். தங்க மாலை கழுத்தில்தான் இருந்தது.

நாலைந்து பேர் சேர்ந்து எஞ்சினை பிக்கப்பின் பின்னால் ஏற்றினார்கள். அது ஏறியதும் வண்டியின் மூக்கு நிமிர்ந்தது. முன்னால் ஒரு எஞ்சின், பின்னால் ஒரு எஞ்சின், நடுவில் புருஷனும் பெண்டாட்டியும். வண்டி பாதி வழி வந்தது. ராபின்சனால் தாங்க முடியவில்லை.

"எட்டி, உனக்காகத்தான் இவ்வளவும் செய்தேன். அந்த மூணாமத்த கிளாஸை என்னால பாக்க முடியல்ல. மோன் போயாச்சு. வரமாட்டான். உனக்கு அது புரியல்ல."

"எனக்கா புரியல்ல? அவனுக்க கண்ணை மூடிவிட்டது நானாக்கும்."

"பின்னே எதுக்கு ஊத்துற?"

"அடக்கம் கழிஞ்சு நீங்க முதல்ல வண்டி எடுத்த அண்ணைக்கு, திரும்பி வந்து மேசையில இருந்துட்டு 'மோனுக்கு சாயா எங்க'ண்ணு கேட்டது யாரு?"

ராபின்சன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவளைப் பார்த்தார். "நானா?"

"நீங்கதான். கேட்டுட்டு வாயைப் பொத்திக்கிட்டு வெளியே போனிய. அண்ணைக்கு சோறு திங்கல்ல. இன்னொருக்கா அந்தக் கேள்வி உங்க வாயில வந்தா உங்க நெஞ்சு பொட்டிப்போவும்ணு எனக்குப் பயம். அதுக்காக்கும் கேக்குமுன்னேயே ஊத்தி வச்சேன். நீங்க என்னண்ணா, எனக்குப் பைத்தியம்ணு நெனச்சிய."

அவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதார். அடக்கத்தன்று அழாத அழுகை அத்தனையும் அழுதார். சுகிர்தபாய் அவர் முதுகைத் தடவினாள். அவளும் அழுதாள்.

"அப்பம் அந்த எஞ்சின்?" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்.

"சாயா உங்களுக்கு. எஞ்சின் எனக்கு. நீங்க காலையில வண்டியில போயிருவிய, நான் ஒத்தைக்கு வீட்டுல இருக்கேன். சாயங்காலம் அந்த சத்தம் கேட்டாத்தான் எனக்கு ஒரு நாளு முடியும். அதை நிறுத்திப்போட்டிய."

"தப்புதான் சுகிர்தம். ஒரு ஸ்டாண்டு அடிச்சு முற்றத்துல வைப்போம். தினமும் ஸ்டார்ட் பண்ணித் தாறேன்."

அவள் திரும்பி, பின்னால் கிடந்த எஞ்சினைப் பார்த்தாள். அவர் வண்டியை எடுத்தார். ஏற்றம் வந்தது. உள்ளே இரண்டு பேரும் பின்னால் எஞ்சினுடைய அத்தனை கனமும் இருந்தும் வண்டி கும்மென்று ஏறியது. என்ன இருந்தாலும் ஆண்பிள்ளை இல்லையா, கண்ணீர் காயுமுன்னே பெருமை வந்துவிட்டது.

"பாத்தியா, மூணாம் கியரிலேயே கேறுது! எஞ்சின்ணா இதாக்கும் எஞ்சின்!"

"கொள்ளாம், நல்லாத்தான் கேறுது. இண்ணைக்கு ஆசை தீர ஓட்டிக்கிடுங்க" என்றாள் சுகிர்தபாய். "நாளைக்கு ஷிஜு வந்து அதைக் கழத்துவான். ஏலத்துக்கு எங்கிட்ட ரூபா ஏது, அதைத்தான் சபைக்குக் குடுத்திருக்கேன்."