பச்சைப் பொட்டு பார்த்துக் குடித்த மாதம்

டயட் இருந்தவர்களுக்குத் தெரியும், சோற்றைக் குறைப்பது ஒரு விஷயமே இல்லை. வாய்க்கு ருசியாக எதைக் குடிப்பது என்பதுதான் பெரும்பாடு. வெறும் தண்ணீரை மனுஷி எத்தனை நாளைக்குக் குடிப்பாள்?

மாத்தளை கிளினிக்கில் டொக்டர் என் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு ஒரு மாதம் தவணை கொடுத்தார். ரத்தத்தில் சீனி இறங்கினால் தப்பித்தேன், இல்லாவிட்டால் ஆயுசுக்கும் மாத்திரை. என் அப்பா கல்யாண வீட்டுக்கும் சாவு வீட்டுக்கும் மாத்திரைப் பெட்டியோடுதான் போய் வருவார். அதைப் பார்த்து வளர்ந்தவள் என்பதால் நிஜமாகவே பயந்துபோனேன்.

ஆனாலும் நான் லேசுப்பட்ட ஆளா? பள்ளிக்கூடத்தில் சுகாதாரப் பாடம் எடுக்கிற டீச்சர். (இந்த இடத்தில் என் கணவர் இருமுவார்.) எங்கள் நாட்டு சோடா, ஜூஸ் போத்தல்களில் சீனி அளவைச் சொல்ல ஒரு வட்டம் போட்டிருக்கும். சிவப்பு என்றால் சீனி கூட, மஞ்சள் நடுத்தரம், பச்சை குறைவு. ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இதைக் கலர் சோக்கால் வரைந்து காட்டியவளே நான்தான்.

ஆராய்ச்சியில் இறங்கினேன். சீனி இல்லாத கோலா குடித்தேன், நாக்கில் ஆணி வைத்த மாதிரி இருந்தது. புளிக்கிற தேசிக்காயைப் பிழிந்த தண்ணீரில் உப்புப் போட்டுக் குடித்தேன், வயிற்றுப்போக்குக்கு மருந்து குடிக்கிற நினைப்பு வந்தது. கறுவாப்பட்டை ஊறிய தண்ணீரை மூன்று நாள் குடித்தேன். அம்மா ஏப்பம் விட்டால் புரியாணி வாசம் அடிக்கிறது என்று மகள் புகார் சொன்னாள்.

அப்போதுதான் டவுனில் இந்தியச் சாமான் விற்கிற முஸ்லிம் நானா ஒருவரின் கடையில் அந்தப் பாக்கெட் கண்ணில் பட்டது. தண்ணீரில் கரைக்கிற மாம்பழத் தூள். மூலையில் ஒரு பச்சைக் கட்டம், அதற்குள் பச்சைப் பொட்டு. பக்கத்தில் இருந்த ஆரஞ்சிலும் பொட்டு, ரோஜாவிலும் பொட்டு.

"நானா, எல்லாமே பச்சையா?"

"நீங்களே பாருங்க டீச்சர். ஒண்ணுலயும் சிவப்பு இல்ல."

பாவம், அவர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. உள்ளே என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று படிக்கத் தேடினேன். சரியாக அந்த இடத்தின் மேல் இறக்குமதி செய்தவர் பெரிய ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார். மிச்ச இடத்தில் ஹிந்தி. பொட்டு இருக்கும்போது எழுத்து எதற்கு என்று மூன்றையும் வாங்கினேன்.

வீட்டில் ஒரு வாய் குடித்ததும் அசந்துபோனேன். சீனி இல்லாமல் இவ்வளவு இனிப்பை எப்படிக் கொண்டுவந்தார்கள்? "ரொக்கெட் விடுறவங்களுக்கு இது பெரிய வேலையா?" என்று கணவருக்கு விளக்கினேன்.

அவரும் ஒரு வாய் குடித்தார். "எனக்கென்னமோ சீனி மாதிரிதான் இருக்கு."

"சுகாதாரம் படிச்சது நீங்களா, நானா?"

மனுஷன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். நான் ஒரு நாளைக்கு மூன்று கிளாஸ் குடித்தேன். ஃபிளாஸ்கில் கொண்டுபோய் மற்ற டீச்சர்மாருக்கும் ஊற்றிக் கொடுத்தேன். சோறு அரை வயிறுதான், ஆனால் எடை மட்டும் ஏறிக்கொண்டே போனது. எலும்பு பலமாகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மாதம் முடிந்து கணவரோடு கிளினிக் போனேன். டொக்டர் ரிப்போர்ட்டை இரண்டு தரம் பார்த்துவிட்டு, என்ன குடிக்கிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். அந்தக் கேள்விக்கே காத்திருந்த நான் கைப்பையிலிருந்து பாக்கெட்டை எடுத்து, பொட்டுத் தெரிகிற மாதிரி மேசையில் வைத்தேன்.

பக்கத்தில் நின்ற தமிழ் நர்ஸ் அதைக் கையில் எடுத்தார். "டீச்சர், இது சீனிப் பொட்டு இல்லைங்க. இந்தியச் சாமான்ல சைவம்னு காட்டுறதுக்குப் போடுறது. எங்க வீட்டுல வெள்ளிக்கிழமைக்கு பிஸ்கட் வாங்குறதே இதப் பார்த்துத்தான்."

"அப்ப சிவப்புப் பொட்டு?"

"அது இறைச்சி, முட்டை சேர்ந்தது."

சொல்லிக்கொண்டே நகத்தால் ஸ்டிக்கரைச் சுரண்டினார். அடியில் இருந்த பட்டியலில் முதல் பெயரே சீனிதான்.

நர்ஸ் விஷயத்தைச் சிங்களத்தில் சொன்னதும் டொக்டர் குனிந்து, தோள் குலுங்கக் குலுங்க மாத்திரை எழுதினார். எனக்கு வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஒரு மாதம் பட்டினி கிடந்து, கடைசியில் கிடைத்தது அப்பாவின் மாத்திரைப் பெட்டி. கணவர் பொறுத்துக்கொண்டிருந்ததை அங்கேதான் நர்ஸிடம் கொட்டினார். "ஒண்ணு மட்டும் நிச்சயம் மிஸ். ஒரு மாசமா இவ குடிச்சது சுத்த சைவம்."

அன்றோடு எங்கள் வீட்டில் சீனிக்குப் பெயர் மாறிவிட்டது. "இன்னொரு கரண்டி சைவம் போடு" என்றால்தான் யாருக்கும் விளங்கும். போன வருஷம் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். அவளும் பழக்கதோஷத்தில், "டீக்கு சைவம் போடவாங்க?" என்று கேட்டுவிட்டாள்.

மாப்பிள்ளையின் அம்மா அவசரமாகச் சொன்னார். "வேணாம்மா. நாங்க ஆடு, கோழி எல்லாம் சாப்பிடுறவங்கதான்."

எல்லோரும் சீனியில்லாத டீயை முகம் சுளிக்காமல் குடித்து முடித்தார்கள். டீக்கு என்ன சைவம் என்று அப்புறம் அவர்கள் கேட்டதும் கதையைச் சொல்லாமல் தப்பிக்க முடியவில்லை. சம்பந்தம் நல்லபடியாக முடிந்தது. இப்போது நான் கிளினிக் போய்வரும் நாளெல்லாம் சம்பந்தியம்மா மறக்காமல் போன் எடுத்துக் கேட்கிறார்: "ரத்தத்துல சைவம் எவ்வளவுங்க?"