மெட்டாஸ்டாஸிஸ் சான்றிதழ்

குத்தகைப் பதிவேட்டில் சிங்காரவேலுவின் பெயர் ஏற ஒன்பது வருடம் ஆயிற்று. ஒரே ஒரு தாள் இல்லாததுதான் காரணம். அவரோடு தாலுகா ஆபீசுக்கு நூற்றுப் பதினான்கு முறை நடந்தவர் சிநேகிதர் காயாரோகணம். ஐந்தாம் வகுப்போடு நின்ற அவர் அந்த நடையில் ஒன்றைக் கற்றிருந்தார்: சர்க்கார் காகிதத்தில் எது 'இல்லை' என்று எழுதியிருக்கிறதோ, அதை வாங்கி இணைக்காமல் காரியம் நடக்காது.

ஆகவே, சிங்காரவேலுவின் கன்னத்துக் கட்டியைச் சோதித்து ஆஸ்பத்திரியில் இங்கிலீஷில் காகிதம் கொடுத்ததும், அதைப் படிக்கச் சொல்லிக் கேட்க, அவரையும் கூட்டிக்கொண்டு வக்கீல் குமாஸ்தா இராஜாங்கத்திடம் போனார் காயாரோகணம்.

"கேன்சர்னு போட்டிருக்கு அண்ணே. திங்கட்கிழமை ஆபரேஷன். ஆனா மெட்டாஸ்டாஸிஸ் இல்லைங்குறாங்க."

"இல்லாம கத்தி வைப்பாங்களா?"

"எனக்குத் தெரிஞ்சு எந்த ஆபீசுலயும் வைக்க மாட்டாங்க."

சிங்காரவேலு கன்னத்தைத் தடவினார். "கட்டி இருக்கு. அது மட்டும் எப்படிய்யா விட்டுப்போச்சு?"

"நீ எதைத்தான் ஒழுங்கா வாங்கி வச்சே?" என்றார் காயாரோகணம். அன்று வியாழன். கைவசம் இரண்டு வேலை நாள்.

கர்ணங்களை ஒழித்துவிட்டு அரசு புதிதாக நியமித்திருந்த கிராம நிர்வாக அலுவலர் செல்லத்துரை, ஒரு சொல் தனக்குத் தெரியாது என்று எவரிடமும் சொன்னதில்லை.

"எத்தனை ஏக்கர்?"

"ரெண்டே கால். குத்தகைங்க."

"சிறு விவசாயி. கொடுக்கலாம். நிரந்தரமா, தற்காலிகமா?"

காயாரோகணம் யோசித்தார். "நிரந்தரமாவே கொடுங்க. அடிக்கடி அலைய முடியாது."

'மேற்படி நபருக்கு மெட்டாஸ்டாஸிஸ் உள்ளதென அக்கம்பக்கத்தில் விசாரித்த வகையில் தெரியவருகிறது.' வெள்ளி மாலை தாசில்தார் முத்திரையும் விழுந்தது.

திங்கட்கிழமை டாக்டர் ரசியா பேகம் அதை இரண்டு தடவை படித்தார்.

"இதை யாருங்க கேட்டது?"

"இல்லைன்னு நீங்கதாம்மா எழுதியிருந்தீங்க."

"நோய் வேற இடத்துக்குப் பரவுறதுதாங்க மெட்டாஸ்டாஸிஸ். இவருக்குப் பரவலை. பிழைச்சுக்குவாரு."

காயாரோகணம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அதை அப்படியே எழுதியிருக்கலாமேம்மா."

"என்னன்னு கேட்டிருக்கலாமே."

"ஆபீசுல அர்த்தம் கேட்டுப் பழக்கமில்லைங்கம்மா."

ஆபரேஷன் நன்றாக முடிந்து பதினெட்டாம் நாள் சிங்காரவேலு வீடு திரும்பினார். மறுநாளே, சான்றிதழை ரத்து செய்ய மனு எழுதிக்கொண்டு காயாரோகணம் தாலுகா ஆபீசுக்குப் போனார். வாசலில் இருபத்து மூன்று பேர் வரிசையில் நின்றார்கள். கடைசியில் அவர் ஊர்க் காளியம்மாள்.

"எதுக்கும்மா நிக்கிறீங்க?"

"சிங்காரவேலுவுக்குக் கொடுத்தாங்களே, அதுக்குத்தான். ரெண்டே கால் ஏக்கருக்கே உண்டுன்னா மூணு ஏக்கர் வச்சிருக்கிற எனக்குக் கிடையாதா?"

காயாரோகணம் அது என்னவென்று கூசிக் கூசி, ஒன்றுவிடாமல் விளக்கினார். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"வாங்கினவரு நல்லாயி வந்துட்டாரு. இனிமே நீங்க என்ன வேணும்னாலும் சொல்லுவீங்க."

அவர் வரிசையை இன்னொரு முறை எண்ணினார். ஊரில் அத்தனை பேரிடமும் இருக்கப்போகிற ஒரு காகிதம் தன்னிடம் மட்டும் இல்லாமல் போனால், நாளைக்கு எந்த ஆபீசில் கேட்பார்களோ. ரத்து மனுவை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, இருபத்து நான்காவது ஆளாகப் போய் நின்றார்.