பெர்னார்டின் நடக்கிற மச்சம்

புதன்கிழமை காலை குளித்துவிட்டு வந்து பார்த்தால், பெர்னார்டின் இடது முழங்கையில் மச்சத்தைக் காணோம். சோப்போடு போயிருந்தது. ஐப்ரோ பென்சிலால் மறுபடி வரைந்துகொண்டு மண்டி மொஹல்லாவில் இருக்கும் தோல் கிளினிக்குக்குக் கிளம்பினார்.

ரிட்டயர்டு டிரில் மாஸ்டர். மனைவி இறந்த பிறகு அவர் கையை யாரும் தொட்டதில்லை, சில்லறை தருகிற கண்டக்டர்களைத் தவிர. அரிப்புக்கு மருந்து வாங்கப் போனபோது, தோலைப் படமெடுத்து நோய் சொல்லும் ஏஐ மெஷினுக்காக, நர்ஸ் ரோசலின் அவர் மணிக்கட்டை ஆடாமல் பிடித்துக்கொண்டார். ரோசலினும் தனியாள்தான். ஆனால் அரிப்பு ஒரே வாரத்தில் குணமாகி பெர்னார்டைக் கைவிட்டது. அதன் பிறகுதான் மச்சம் முளைத்தது.

இன்றும் ரோசலின் அவர் கையைப் பிடித்தபடி மெஷின் திரையைப் பார்த்தார். திரை எப்போதும் ரோசலின் பக்கம்தான் திரும்பியிருக்கும்.

"சார், மச்சம் ரெண்டு விரல் நகர்ந்திருக்காம்."

"மச்சம் நகருமா சிஸ்டர்?"

"மெஷின் பொய் சொல்லுமா? அடுத்த புதன் வாங்க, பாக்கலாம்."

அடுத்த புதன் பெர்னார்ட் நூல் பிடித்து அளந்து வரைந்தார். ஆட்டோவில் வியர்த்து, மச்சம் ஊறிவிட்டது.

"வளந்திருக்கு சார். அடுத்த வாரமும் வந்துடுங்க."

அந்த வாரம் வியர்வைக்கு அசையாத மார்க்கரால் வைத்தார். வைத்த பிறகுதான் அது வலது கை என்று தெரிந்தது. தேய்த்துப் பார்த்தார். தோல் வந்தது, மச்சம் வரவில்லை.

ரோசலின் வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கை மாறிடுச்சாம் சார்."

"ஓகோ."

"டாக்டர்கிட்ட சொல்லியாகணும். வெட்டி எடுக்கச் சொன்னாலும் சொல்வார்."

"வெட்டிட்டா... அப்புறம் நான் இங்க வர வேண்டியதில்லையா?"

ரோசலின் இன்னும் கையை விடவில்லை. "தையல் பிரிக்க வரணும்ல" என்றார்.

வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்தார் பெர்னார்ட். உண்மையைச் சொன்னால் புதன்கிழமை போகும். சொல்லாவிட்டால் சதை போகும். சதைதானே, போகட்டும் என்று தோன்றியபோது அவருக்கே பயமாக இருந்தது.

தரை துடைக்கும் சாமியாத்தாள், ராமாபுரத்துக்காரி, அவர் காலடிக்கு வந்திருந்தாள்.

"ஏம்மா, அந்த மெஷினுக்கு மச்சம் எது, வரைஞ்சது எதுன்னு தெரியுமா?"

சாமியாத்தாள் மாப்பைப் பிழிந்தாள்.

"நீங்க மச்சத்தோட வந்த மொத நாளே, 'சாயம், கழுவுனாப் போயிரும்'னு அது எழுதிக் காட்டிப்போட்டுதுங்ணா. நகருது, வளருதுன்னதெல்லாம் ரோசலின் அக்காதானுங்."