பெரட்டு ஐயாவும் தினம் மாறும் பாஸ்வேர்டும்

கடவுளே நேரில் வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாலும் அடையாள அட்டை கேட்டிருக்கக்கூடிய ஒரே மனிதர் எங்கள் பெரட்டுதான். ஜெராக்ஸ் எங்கே என்றும் கேட்டிருப்பார்.

தேயிலை விலை விழுந்து எங்கள் எஸ்டேட்டை மூடும்வரை அவர் அங்கே ஆபீஸ் கிளார்க். காலையில் வேலைக்கு வருபவர்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவதற்குத்தான் பெரட்டு என்று பெயர். அதை இருபது வருடம் நடத்தியதில் ஆளுக்கும் அதுவே பெயராகிவிட்டது. சொந்தப் பெயர் அவர் மனைவிக்குத் தெரிந்திருக்கலாம்.

வேலை போனதும் குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே ஒரு பிரவுசிங் சென்டரைப் பார்த்துக்கொள்ளச் சேர்ந்தார். வருபவர்களின் அட்டையைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும் என்று போலீஸ் சொல்லியிருந்த காலம். மற்ற கடைகளில் எழுதுவார்கள், சில நாள் மறப்பார்கள். பெரட்டு நம்மை வாசலில் நிறுத்திப் பேர் கூப்பிடுவார். ‘ஆமாங்க’ என்றால்தான் உள்ளே விடுவார். கடை முதலாளி ஒருநாள் அட்டையை மறந்து வந்து, சொந்தக் கடை வாசலில் பத்து நிமிடம் குடை பிடித்து நின்றார்.

பிறகு கடைக்கு வைஃபை பெட்டி வந்தது. ஒருவரும் இல்லாத மதியத்திலும் அதன் விளக்கு சிமிட்டியது. பெரட்டுக்கு ஒரே ஆச்சரியம். வராத ஆளுக்குப் பேர் போடுவது எஸ்டேட்டில் பெரிய குற்றம். இங்கே பேரே போடாமல் எவனோ உள்ளே இருக்கிறான். நோட்டும் பேனாவுமாகக் கிளம்பி, எதிர் லாட்ஜில் கதவு கதவாகத் தட்டி, கம்பளிக்குள் லேப்டாப்போடு கிடந்த தேனிலவு மாப்பிள்ளையைக் கண்டுபிடித்தார். திட்டவில்லை. பேர், ஊர், அட்டை நம்பர் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். மறுநாளிலிருந்து பெட்டிக்கும் கடைக் கம்ப்யூட்டர்களுக்கும் பாஸ்வேர்டு. தினம் மாறும். அட்டையைக் காட்டினால் காதோடு காதாகச் சொல்வார்.

எஸ்டேட் மூடியதில் அம்மாவுக்கு வேலை இல்லை, படிப்பை முடித்திருந்த எனக்கும் இல்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அன்று மாலை ஐந்துக்குள் மெயிலில் சம்மதம் அனுப்பாவிட்டால் இடம் அடுத்தவருக்கு. மழையில் மற்ற கடைகளில் லைன் இல்லை. நாலரைக்குப் பெரட்டின் வாசலில் நின்றேன். அட்டை வேறு சட்டையில். வீடு ஒரு மணி நேர பஸ்.

“ஐயா, என்னைய உங்களுக்குத் தெரியாதுங்களா?”

“எனக்குத் தெரியும் தம்பி. பொட்டிக்குத் தெரியாதில்ல?”

கெஞ்சினேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னதான் யோசிக்கிறார் என்று அந்தப் பதற்றத்திலும் எனக்குத் தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. கடைசியில் அம்மாவின் எஸ்டேட் பதிவு நம்பரைக் கேட்டார். முன்னூற்றுப் பதினேழு என்றேன்.

“அது பாதி எஸ்டேட்டுக்குத் தெரியும். கடைசி வருசம் உங்கம்மா ஒரே ஒரு நாள்தான் பெரட்டுக்கு வரல. ஏன்?”

“நான் பட்டம் வாங்குன நாளுங்க. கோயமுத்தூருக்கு என்கூட வந்தாங்க.”

மேஜைக்கு அடியிலிருந்து பழைய ஆஜர் புத்தகத்தை எடுத்தார். ஆபீஸைக் காலி செய்தபோது குப்பைக்குப் போக இருந்ததாம். 317-ன் வரிசையில் விரலை ஓட்டி, வராத நாளுக்குப் போட்ட ஒரே வட்டத்தில் நிறுத்தினார். அதன் பக்கத்தில் அவருடைய பொடி எழுத்து: ‘மகன் பட்டமளிப்பு.’

“சரியா இருக்குது” என்று நோட்டில் ஏற்றிவிட்டு, காதில் பாஸ்வேர்டைச் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு முறை தப்பாக அடித்து, ஐந்துக்குச் சற்று முன்னால் மெயிலை அனுப்பினேன். வேலை கிடைத்தது.

அடுத்த வாரம் சோதனைக்கு வந்த போலீஸ்காரர், அட்டை நம்பர் எழுத வேண்டிய இடத்தில் 317 எதற்கு என்று கேட்டாராம். “ஏனுங்க, அட்டையில ஒரு போட்டோதானுங்க இருக்கும். என்ர புத்தகத்துல ஒரு வருசமே இருக்குதுங்க” என்ற பெரட்டு, கூடவே போலீஸ்காரருடைய அட்டையையும் கேட்டாராம்.

பெரட்டு போய்ச் சில வருடங்களாகின்றன. இப்போது எந்த ஊர் வைஃபையும் என் போன் நம்பரைக் கேட்கிறது. என் அம்மா எதற்கு லீவு போட்டாள் என்று கேட்பதில்லை. என்னுடைய பாஸ்வேர்டு எந்த மூன்று எண்ணில் முடிகிறது என்று நீங்கள் ஊகித்திருப்பீர்கள். இதை ஊரறியச் சொல்லலாமா என்று அவர் இருந்தால் வாசலில் நிறுத்தித் திட்டுவார். அந்தத் திட்டு ஒருமுறை கிடைக்குமென்றால் மிச்ச எழுத்துகளையும் சொல்லிவிடுவேன்.