பூட்டக்காவும் சின்ன கேட்டும்

உலகத்தில் பூட்ட முடியாத பொருள் என்று ஒன்று உண்டு எனப் பூட்டக்காவிடம் யாரும் சொல்லிவிடக் கூடாது. அதை எடுத்து வரச் சொல்லுவார். சாயங்காலத்துக்குள் அதில் ஒரு பூட்டுத் தொங்கும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கத்தோலிக்கக் கன்னியர் நடத்திய பள்ளி விடுதியில் ஆறாம் வகுப்பு முதல் தங்கிப் படித்தேன். அங்கே வாசல் காவல் அவர்தான். சொந்தப் பெயர் ஏதாவது ஆபீஸ் நோட்டில் இருந்திருக்கும். எங்களுக்குப் பூட்டக்கா. இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்தின் பாரத்தில் உடம்பு வலது பக்கம் சாய்ந்தே இருக்கும். சாவியைக் கழற்றி வைத்தால் இடது பக்கம் சாய்ந்துவிடுவார் என்று பெரிய வகுப்பு அக்காமார் சத்தியம் செய்தார்கள்.

தண்ணீர்க் குழாய்க்குச் சைக்கிள் சங்கிலி. கொய்யா மரத்து ஏணிக்குப் பூட்டு. உப்பு வைத்த தகர டப்பாவுக்குப் பூட்டு. ஒருமுறை குட்டிப் பூட்டு ஒன்று மிஞ்சிவிட்டது. சும்மா வைத்திருக்க மனம் வராமல் அதை ஒரு பெரிய பூட்டின் வளையத்தில் மாட்டிப் பூட்டினார்.

"பூட்டுக்கே எதுக்குக்கா பூட்டு?" என்று கேட்டேன்.

"பூட்டையே எவளாவது தூக்கிட்டுப் போயிட்டா யாரு பதில் சொல்றது? நீயாட்டி வந்து சொல்லுவ?"

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு எல்லோரும் ஊருக்குப் போவதற்கு முன்னால் விடுதியிலேயே விழா நடக்கும். தொழுவத்துக் குழந்தை இயேசுவின் சொரூபம் காணாமல் போய்விடக் கூடாதென்று பூட்டக்கா அதை அலமாரியில் வைத்துப் பூட்டினார். விழா அன்று சாவியைக் காணோம். பாதர் வந்துவிட்டார். மாதாவும் சூசையப்பரும் ஆடு மாடுகளும் குனிந்து வெறும் வைக்கோலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பிள்ளை எங்கம்மா?" என்றார் பாதர்.

பூட்டக்கா நெற்றித் திருநீறு வேர்வையில் கரைய, "பத்திரமா இருக்கு சாமி" என்றார்.

அந்த வருடம் பிள்ளை பிறக்காமலே விழா முடிந்தது. சாவி பிறகு உப்பு டப்பாவுக்குள் கிடைத்தது. அந்த டப்பாவைத்தான் அவர் முதலில் பூட்டியிருந்தார்.

இதையெல்லாம் இப்போது சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு குறைவு. காலை ஐந்து மணிக்கு மணி அடிக்கும். முழங்காலில் செபம், படிப்பு, வரிசையில் நின்று வாங்கும் கஞ்சி, பள்ளி, மறுபடி படிப்பு, செபமாலை. மூன்று மாதத்தில் மங்கள வார்த்தை செபம் எனக்கு வாய்ப்பாட்டைவிட நன்றாகத் தெரிந்தது. என் ஊரான தேவதானத்தில் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். அந்தப் பெருமை வாரத்தில் ஆறு நாளைக்குப் போதுமானதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குப் போதவில்லை.

மாதத்தின் முதல் ஞாயிறு பெற்றோர் வரும் நாள். பெரிய கேட்டில் பூட்டக்கா நோட்டோடு உட்கார்ந்திருப்பார். வருகிறவர்கள் அதில் கையெழுத்துப் போட்டதும் ஸ்டடி ஹாலைப் பார்த்துக் கத்துவார்: "ஏட்டி, வத்திராயிருப்பு! ஆளு வந்திருக்கு!" அவருக்கு எங்கள் பெயர் தெரியாது, ஊர்தான் தெரியும். ஒவ்வொரு ஊராக எழுந்து ஓடும். கடைசியில் தேவதானம் மட்டும் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும்.

எனக்கு அப்பா இல்லை. அம்மா ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி வெட்டும் கம்பெனியில் வேலை பார்த்தாள். "எங்கம்மா சூப்பர்வைசர். ஞாயித்துக்கிழமையும் டூட்டி" என்று மற்ற பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருந்தேன். அம்மா வராத காரணம் எனக்குத் தெரியும். என்னைச் சேர்க்க வந்த அன்று ஆபீசில் ஒருவர், "கையெழுத்தா, கைநாட்டா?" என்று உரக்கக் கேட்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா கைநாட்டு வைத்துவிட்டு, மை ஒட்டிய விரலோடு என் கையைப் பிடிக்க வந்தாள். நான் இரண்டடி நகர்ந்து, கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த வேறொரு குடும்பத்தின் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். அம்மா அதைப் பார்த்தாள். விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

ஆனால் முதல் ஞாயிறுதோறும், கூட்டம் கலைந்த பிறகு, பூட்டக்கா என்னிடம் ஒரு பொட்டலம் தருவார். பேண்டேஜ் துணியில் சுற்றிய கருப்பட்டிச் சேவு. சோதனை என்று சொல்லி அதில் நாலைந்தை வாயில் போட்டுக்கொண்டுதான் தருவார்.

"ஒங்கம்மா குடுத்துட்டுப் போச்சு. பஸ்ஸுக்கு நேரமாச்சாம்."

"என்னைய ஏன்க்கா கூப்பிடல?"

"பல்லுல சேவு இருக்கு. பேச்சுக் குடுக்காத, போ."

இரண்டு வருடம் இப்படியே போனது. எட்டாம் வகுப்பில் ஒரு முதல் ஞாயிறு, பெற்றோர்கள் எல்லாம் போன பிறகு ஸ்டடி ஹால் வாசலில் சாவிச் சத்தம் கேட்டது.

"ஏட்டி தேவதானம்! எந்திரி. வெங்காயம் உரிக்கணும்."

முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போனேன். சமையல்கட்டுக்குப் பின்புறம் பால்காரர் வரும் சின்ன கேட் உண்டு. அது திறந்து கிடந்தது. பூட்டு பூட்டக்காவின் கையில் இருந்தது. கதவில் மாட்டாத பூட்டோடு அவரை நான் பார்த்ததே இல்லை. கேட்டுக்கு வெளியே அம்மா நின்றாள்.

"உள்ள வா தாயி. நோட்டெல்லாம் பெரிய கேட்டுக்குத்தான். இதுக்கு நோட்டு கெடையாது" என்றார் பூட்டக்கா. பிறகு என் பக்கம் திரும்பினார். "ரெண்டு வருசமா அந்த வேப்ப மரத்தடியில நின்னுட்டுப் போவுது. கூப்பிடவான்னா, 'வேண்டாம்க்கா, நான் கைநாட்டு வைக்கிறதப் பாத்தா புள்ளைக்குக் கூச்சமா இருக்கும்'ங்குது. அம்புட்டு என்னட்டி கூச்சம் ஒனக்கு?"

அம்மாதான் பேசினாள்.

"எளச்சுட்டியே. ஒழுங்கா சாப்புடுதியா?"

விறகுக் கட்டுமேல் உட்கார்ந்தோம். அம்மாவின் கட்டைவிரலில் மை இல்லை, கத்தரிக்கோல் பட்ட காய்ப்பு இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். பூட்டக்கா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இல்லாத வெங்காயத்தை யாரிடமோ கேட்டுச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் திறந்த கேட் வழியாக ஒரு மாடு உள்ளே போனது. சாயங்காலம் மாதா சப்பரத்துக்கென்று வாளிகளில் வைத்திருந்த செவ்வந்திப் பூ முழுவதையும் தின்றுவிட்டு, நிதானமாக ஸ்டடி ஹால் பக்கம் போய் நின்றது.

அம்மா போன பிறகு விசாரணை நடந்தது. "கேட்டை யார் திறந்தது?" என்றார் வார்டன் சிஸ்டர்.

"பூட்டு கெட்டுப்போச்சு சிஸ்டர்."

சிஸ்டர் பூட்டை வாங்கி அழுத்தினார். அது டக்கென்று பூட்டிக்கொண்டது.

"இப்பத்தான் சரியாயிருக்கு போல" என்றார் பூட்டக்கா.

எல்லாப் பிள்ளைகளும் பார்க்க, சிஸ்டர் சாவிக்கொத்தைக் கழற்றி வாங்கிக்கொண்டார். நான் வாய் திறந்திருக்கலாம். திறந்தால் அம்மா ஏன் சின்ன கேட் வழியாக வந்தாள் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கும். சொல்லவில்லை. பூட்டக்கா இடது பக்கம் சாயவில்லை. கொஞ்சம் குனிந்து நடந்தார். தொழுவம் கட்டும் காலத்தில் சாவிக்கொத்து திரும்பக் கைக்கு வரும் வரை அப்படித்தான் நடந்தார்.

அடுத்த முதல் ஞாயிறு யாரும் கூப்பிடும் முன்பே இறங்கி ஓடினேன். வேப்ப மரத்தடியிலிருந்து அம்மாவைப் பெரிய கேட்டுக்கு இழுத்து வந்தேன். வரிசையில் வத்திராயிருப்பின் அப்பா பேனாவோடு நின்றார். பூட்டக்கா எதுவும் கேட்காமல் மைப்பெட்டியை நகர்த்தி வைத்தார். அம்மா கைநாட்டு வைத்தாள். அந்த விரலைப் பிடித்து என் சட்டையில் துடைத்தேன்.

"வெள்ளச் சட்டை ஏட்டி! சோப்பு அலமாரி பூட்டிக் கெடக்கு, சாவி எங்கிட்ட இல்ல, பாத்துக்கோ!" என்று கத்தினார் பூட்டக்கா. பிறகு வெகுநேரம் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

இப்போது ராஜபாளையத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். போன மாதம் பூட்டக்கா தவறிவிட்டதாகச் சேதி வந்தது. அம்மாவும் நானும் அவருடைய ஊரான வ. புதுப்பட்டிக்குப் போனோம். ஒற்றை அறை வீடு. கதவில் பூட்டு இல்லை, பூட்டு மாட்டும் நாதாங்கிகூட இல்லை. ஒரு கம்பியை வளைத்துக் கொக்கி போல மாட்டியிருந்தார்கள். "எங்க அத்தை வீட்டைப் பூட்டவே விடமாட்டாவ. யாராவது வந்து பூட்டைப் பாத்துட்டுத் திரும்பிப் போயிருவாவன்னு சொல்லுவாவ" என்றார் அவருடைய மருமகள்.

வாசலில் அம்மா ஒரு கணம் தயங்கி நின்றாள். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி வைத்திருந்தாள், பழைய பழக்கம். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே போக யாரும் எங்களிடம் நோட்டு நீட்டவில்லை.